ஐந்தாம் நாளை அறிந்த பெருமானே

கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு யாருக்கு என்ன கேடு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணிப்பு இயந்திரமே, உன்னைப் புகழ வந்திருக்கிறேன். வயது, பிலிருபின், அல்புமின், தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தம் உறையும் வேகம், வெட்டிய பின் மிஞ்சும் கல்லீரலின் கன அளவு என்று ஒரு மனிதரை இருபது முப்பது எண்களாக்கி உன் முன்னால் வைத்தால் போதும். நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை அடுக்கி, ஒன்றின் பிழையை அடுத்தது திருத்தும்படி செய்து, கண் இமைப்பதற்குள் ஒரு விழுக்காட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறாய். உனக்குத் தூக்கமில்லை. பசியில்லை. உறவினர் அழுதால் உன் கை நடுங்குவதில்லை. கை இருந்தால்தானே நடுங்க.

ஜொகூரில் வாழ்கிறவர்களுக்கு உன்மேல் தனிப்பற்று இருந்தாக வேண்டும். உன் இனத்துக்கு அரண்மனை கட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் எங்களுடையது. கூலாயில் செம்பனை நின்ற யங் எஸ்டேட், அறுநூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்டம், இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா. 2023 டிசம்பரில் அந்த நிறுவனமும் என்விடியாவும் சேர்ந்து, 2,000 கோடி ரிங்கிட் செலவில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை எழுப்பப் போவதாக அறிவித்தன. உன்னைப் போன்றவர்கள் சூடேறிவிடாமல் இருக்க இரவும் பகலும் குளிரூட்ட வேண்டும். மின்சாரம் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. தண்ணீர் குறையக் கூடாது. மூன்றாம் வகுப்பு வார்டில் மின்விசிறிக்குக் கீழே வயிற்றுத் தையலோடு படுத்திருப்பவர் இந்த உபசரிப்பைக் கேள்விப்பட்டால், தன் மாநிலம் யாரைப் பேணுகிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்வார்.

உன் பெருமையைச் சொல்வதற்கு முன் அந்த நோயாளியின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் விந்தையான உறுப்பு. வெட்டினால் வளரும். நல்ல நிலையில் இருந்தால் கால் பங்கு மிஞ்சினாலும் உடம்பைத் தாங்கும். சுருங்கி இறுகிப்போன கல்லீரலில் நாற்பது விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். சிக்கல் என்னவென்றால், அறுவை முடிந்த முதல் இரண்டு நாள்களில் பிழைக்கப்போகிறவரும் பிழைக்காதவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். இருவருமே கஞ்சி கேட்பார்கள், இருவருமே வலிக்கிறது என்பார்கள். மூன்றாம் நான்காம் நாளில்தான் ஒருவருக்குக் கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும். 2005-இல் பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய அளவுகோலை வகுத்தார்கள். ஐந்தாம் நாளில், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் புரோத்ராம்பின் 50 விழுக்காட்டுக்குக் கீழேயும், பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலேயும் இருந்தால், அந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைப்பதில்லை. 2011-இல் உலகளாவிய கல்லீரல் அறுவை ஆய்வுக் குழுவும் அதே ஐந்தாம் நாளை வைத்தே கல்லீரல் செயலிழப்பை வரையறுத்தது. அந்தச் செயலிழப்பு வந்துவிட்டால், அதை நேராகக் குணமாக்கும் மருந்து இல்லை. தாங்கிப் பிடிக்கலாம், காத்திருக்கலாம். தடுப்பதென்றால் கத்தி வைப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

ஐந்தாம் நாளைப் பார்க்க மனிதர்கள் ஐந்து நாள் காத்திருந்தார்கள். நீயோ அதற்கு முன்பே பார்த்துவிட்டாய். எவ்வளவு முன்பே என்று உன்னைப் பற்றிய கட்டுரைகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் உன் நிதானம் புரியும். உனக்கு ஊட்டப்பட்ட எண்களில் பல சமயம் அறுவையின்போது இழந்த ரத்தத்தின் அளவு இருக்கிறது; அறுவை எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதும் இருக்கிறது. இவை கத்தி வைத்து முடித்த பிறகே தெரியும் செய்திகள். கல்லீரல் வாளியில் விழுந்த பிறகு, இவருக்கு இவ்வளவு வெட்டியிருக்கக் கூடாது என்று நீ துல்லியமாகச் சொல்கிறாய். சில கட்டுரைகளில் நீ இன்னும் பொறுமைசாலி. மூன்றாம் நாளின் பிலிருபினைக் கையில் வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாளின் பிலிருபின் உயரும் என்கிறாய். அப்படிச் சொன்னது பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்கிறது என்பதற்காகப் பாராட்டும் பெறுகிறாய். அறுவைக்கு முந்தின வாரம், இன்னும் வழி திறந்திருக்கும்போது, நோயாளியும் மனைவியும் மருத்துவர் எதிரே அமர்ந்து செய்து கொள்ளலாமா வேண்டாமா என்று கேட்கிற அந்த அரை மணி நேரத்தில் உன் குரல் ஏன் இத்தனை மெலிந்துவிடுகிறது என்று யாரும் உன்னைக் கேட்டு வருத்துவதில்லை.

உன் மதிப்பெண்ணும் புகழத்தக்கதே. சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் சேர்த்து உன் முன் நிறுத்தினால், வந்தவருக்கு நீ அதிக ஆபத்து எழுதும் வாய்ப்பு எவ்வளவு என்பதே உன்னை அளக்கும் கோல். 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவதற்குச் சமம். 1 என்றால் ஒருபோதும் தவறாதவன். 0.85, 0.9 என்றெல்லாம் வாங்கியிருக்கிறாய், பெரும்பாலும் நீ படித்த அதே மருத்துவமனையின் தாள்களிலேயே. நூறு பேரில் இத்தனை பேரைச் சரியாகச் சொன்னான் என்று விழுக்காட்டில் உன்னைப் போற்றுகிறவர்களும் உண்டு. பித்தநீர்க் கசிவு நூறு பேரில் பத்துப் பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எவருக்கும் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் போதும், 90 விழுக்காடு துல்லியம் கிடைத்துவிடும். அந்தப் பத்துப் பேரின் வயிற்றில் பித்தநீர் தேங்கிச் சீழ் பிடிப்பது அந்தத் தொண்ணூறைத் துளியும் குறைக்காது. 2019-இல் மருத்துவக் கணிப்புகளைப் பற்றிய 71 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், உன் குலத்தாருக்கும் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழமையான லாஜிஸ்டிக் கணக்குக்கும் இடையில் திறமையில் வேறுபாடு தென்படவில்லை என்று எழுதினார்கள். முன்னோரை மிஞ்சி அவமதிக்கக் கூடாது என்ற பணிவு உன்னிடம் இருக்கிறது. அந்தப் பணிவுக்கு என்ன விலை தருகிறோம் என்பது கூலாயில் தெரியும்.

அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. இங்கே ஆயுதங்கள் காவலோடும் பொலிவோடும் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உன்னைப் பார்க்கும்போதும் எனக்குப் பொய் சொல்லத் தேவை ஏற்படவில்லை. உன் முனை எங்கும் மழுங்கவில்லை. வேறு ஊரின் வார்டுக்குள் உன்னை இறக்கிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பதால் மழுங்க வழியுமில்லை.

இறக்கிப் பார்த்தபோது நடந்ததற்கு ஒரு பதிவு உண்டு. உன் உடன்பிறப்பு ஒருவன், செப்சிஸ் எனும் உயிர்கொல்லித் தொற்றை முன்னறிவிப்பவன், எபிக் நிறுவனத்தின் தயாரிப்பு. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நிறுவனம் கொடுத்த மதிப்பெண் 0.76 முதல் 0.83 வரை. 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் 38,455 அனுமதிகளை எடுத்துச் சோதித்தபோது 0.63 வந்தது. செப்சிஸ் கண்ட 2,552 அனுமதிகளில் 67 விழுக்காட்டை அவன் தவறவிட்டான். எல்லா அனுமதிகளிலும் 18 விழுக்காட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்தான். உயிர் போகிறவர்களில் பலரை விட்டுவிட்டு மற்றவர்கள் பலருக்கு மணி அடிக்கும் ஒருவன் இரவுப் பணியில் இருந்தால், மணிச் சத்தத்தைக் கேட்டும் கேட்காமல் இருக்கத் தாதியர் பழகிக்கொள்வார்கள். உண்மையாகவே ஆபத்தான நோயாளிக்காக அது ஒலிக்கும் இரவிலும் அந்தப் பழக்கம் மாறாது. அந்தப் பயிற்சியையும் அவனே கொடுத்தான் என்பதை அவன் சாதனைகளோடு சேர்த்து எழுத வேண்டும்.

நீ யாரிடம் படித்தாய்? கல்லீரல் அறுவைக் கணிப்பில் உன்னை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் சீனா, ஜப்பான், கொரியா, ஐரோப்பா, அமெரிக்கா மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். கிழக்காசியாவில் கல்லீரல் புற்றுக்குப் பெருங்காரணம் ஹெப்படைட்டிஸ் பி. மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடுகிறோம். அதன் பயனாக அந்தக் காரணம் தலைமுறைக்குத் தலைமுறை தேய்கிறது. எங்கள் வீடுகளில் வளர்வது வேறொன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. சர்க்கரையோடு சேர்ந்து கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் அதற்குப் பின் வந்த சம்சு எனும் மலிவுச் சாராயமும் சில குடும்பங்களில் இன்னும் கணக்குத் தீர்க்காமல் இருக்கின்றன. கொழுப்பேறிய கல்லீரலை வெட்டினால் அது மெதுவாக வளரும், எளிதில் தளரும். இதை அனுபவமுள்ள அறுவை மருத்துவர் கையால் தொட்டே அறிவார். செகாமாட்டிலிருந்து வந்த ஐம்பத்தைந்து வயது முனியம்மாவைப் போன்ற ஒருத்தியை நீ உன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருத்திக்குத் தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதிக் கொடுக்கும் துணிச்சல் வேறு எந்த ஞானிக்கும் வாய்க்கவில்லை. தெரியாது என்ற சொல்லை உனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதை உனக்குப் பெருமையாகவே வைத்துவிட்டார்கள்.

கற்றதை மறக்காத குணமும் உனக்கு உண்டு. அதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு உன் மூதாதையர் சிலரைப் பயிற்றுவித்தார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நிமோனியாவால் சாகும் ஆபத்துக் குறைவு என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பதிவில் அப்படித்தான் இருந்தது. காரணம், ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றால் மருத்துவர்கள் பதறி நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே கிடைத்த கவனிப்பால் அவர்கள் பிழைத்தார்கள். கணினி ஆய்வாளர் ரிச் கருவானா 2015-இல் இதை விரிவாக எழுதினார். அந்தக் கணிப்பை நம்பி ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவர்களில் பலர் செத்திருக்கலாம். மனிதர்களின் கவனிப்பை நீ இயற்கை என்று படித்துக்கொள்கிறாய். மனிதர்களின் புறக்கணிப்பையும் அப்படியே படித்துக்கொள்வாய்.

ஜொகூரில் அது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கல்லீரல் வெட்டிய ஒருவர் ஏழாம் நாள் மெர்சிங்குக்குத் திரும்புகிறார். ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பத்தாம் நாள் காய்ச்சல் வருகிறது. மகன் பணிக்குப் போயிருக்கிறான், வண்டி இல்லை, பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கித் தின்கிறார். பன்னிரண்டாம் நாள் உள்ளூர் மருத்துவமனை. நாட்டின் மருத்துவமனைப் பதிவுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நிலை இன்னும் முழுமையாக வரவில்லை. ஆகவே அறுவை செய்த இடத்தின் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே சிக்கல் ஏதுமில்லை என்றுதான் இருக்கும். அந்தக் கோப்பைத்தான் உனக்கு ஊட்டுவார்கள். தூரத்து ஊர், மூன்றாம் வகுப்பு, திரும்ப வராத நோயாளி என்றால் ஆபத்துக் குறைவு என்று நீ உண்மையாகக் கற்றுக்கொள்வாய். வராதவர்களின் துன்பத்தை இல்லாததாக்கும் வல்லமை உனக்கு முன்பு அலுவலகப் பேரேடுகளுக்கு மட்டும் இருந்தது. அவற்றுக்குக் கிடைக்காத மரியாதை உனக்குக் கிடைக்கிறது.

நீ சரியாகவே சொல்லிவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் காலை, 14-ஆம் கட்டில், ஆபத்து 71 விழுக்காடு. இதற்குப் பிறகு என்ன? வடிகுழாயில் வரும் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதிலுள்ள பிலிருபின் ரத்தத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் பித்தம் கசிகிறது என்று பொருள். ஸ்கேன் எடுக்க வேண்டும். தோல்வழியே குழாய் செலுத்தத் தெரிந்த கதிரியக்க மருத்துவர் வர வேண்டும். மணிக்கு ஒரு முறை சிறுநீர் அளக்க, கை நடுங்குகிறதா என்று பார்க்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தெளிவாக வருகிறதா என்று கேட்க ஒரு தாதி வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில் வேண்டும். இவற்றில் எதையும் நீ கேட்பதில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறாய். உன்னை வாங்குகிறவர்களுக்கு உன்மேல் இவ்வளவு பிரியம் வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தாதி கேட்பாள். ஆள் போதவில்லை என்பாள், ஓய்வு என்பாள், சம்பளம் என்பாள். 1924-இல் திறந்த பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால், அந்தப் பக்கத்து ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அவளுடைய தோழிகள் விடியுமுன் பேருந்தில் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்தபோது கேட்டதும் நிலையான வேலையும் படிப்பதற்கு வழியும்தான். நீ வெளிநடப்புச் செய்வதில்லை. பாலத்தைத் தாண்டுவதில்லை. நீ ஒரு கோரிக்கையும் வைக்காதவன். அதனால் உனக்கு எல்லாம் கிடைக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் அருமையை ஜொகூர் பாரு நகரத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016 அக்டோபர் 25 அன்று சுல்தானா அமினா மருத்துவமனையின் அந்தப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் இறந்தார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை சில ஆண்டுகள் கழித்துத்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. எழுந்து ஓட முடியாத உடம்புகளைக் காக்க வேண்டியவை கம்பியும் விளக்கும் கதவும் ஆளும்தான் என்று அன்றைக்கே இங்கே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. இவற்றுக்குப் பணம் கேட்டால் இல்லை என்பார்கள். முன்னறிவிக்கும் கருவி என்றால் மேடை போடுவார்கள்.

கல்லீரல் அறுவையில் உயிர்களைக் காத்த முன்னேற்றங்களைப் பார், பெருமானே. வெட்டப் போகும் பக்கத்துக்குச் செல்லும் கல்லீரல் வாயில் சிரையை முன்பே அடைத்துவிட்டால், சில வாரங்களில் மறுபக்கம் பருத்துத் தாங்கும் வலிமை பெறும். இதை 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். அதற்குத் தேவை பொறுமையும் ஒரு குழாயும் பயின்ற கையும். மலேசியாவில் 1999-இல் திறந்த சிலாயாங் மருத்துவமனை, தாளில்லா முதல் அரசு மருத்துவமனை என்று பெயர் பெற்றது. நாட்டின் கல்லீரல் அறுவைக்குத் தலைமையிடமாகவும் ஆயிற்று. அங்கே கணினியும் இருந்தது, அறுவையறையும் தாதியரும் கூடவே இருந்தார்கள். கணினியைத் தனியே கொண்டுவந்து வைத்துவிட்டு மற்றவை பின்னால் வரும் என்று அங்கே காத்திருக்கவில்லை. உன்னை வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அறுவைக்கு முன்பே, எங்கள் நோயாளிகளின் பதிவுகளில் சோதிக்கப்பட்டு, இவருக்கு வலப்பக்கம் முழுவதும் வெட்டாதீர்கள், முதலில் சிரையை அடையுங்கள் என்று நீ ஒரே ஒருவருக்குச் சரியாகச் சொன்னாலும் அந்தக் குடும்பம் உன்னைக் கும்பிடும். நானும் கும்பிடுவேன். இப்போதைக்கு அந்தக் கும்பிடை உனக்கு முன்பணமாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அறுவைக்குப் பின் நேரும் மரணங்களை ஆராயும் ஏற்பாடு சுகாதார அமைச்சில் 1992 முதல் உண்டு. மருத்துவர்கள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேட்பார்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், வடிநீரைச் சோதித்தீர்களா, கட்டில் கேட்டீர்களா, இல்லை என்றது யார், பெரிய மருத்துவர் எப்போது வந்தார். முகம் சிவக்கப் பதில் சொல்கிறவர்களும் உண்டு, அழுகிறவர்களும் உண்டு. அந்த அறைக்கு உன்னை யாரும் அழைப்பதில்லை, ஏனென்றால் நீ தவறு செய்யவில்லை. ஆகவே உன்னை ஜொகூருக்கு அழைத்துவரப் போகிறவர்களிடம் நான் கேட்பது இது. ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுவதற்கு முன், எங்கள் மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளில் உன்னைச் சோதித்து, இனவாரியாகவும் நோய்வாரியாகவும் வந்த மதிப்பெண்ணை, குறைவாக இருந்தாலும், வெளியிடுங்கள். அதன் பிறகு உன்னுடைய ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் எதிரே நான்கு கட்டங்கள் அச்சிடுங்கள்: படித்தவர் யார், எத்தனை மணிக்கு, கேட்ட கட்டிலும் தாதியும் கிடைத்தார்களா, கிடைக்காவிட்டால் மறுத்தவர் யார். நிரப்பிய அந்தத் தாள்களை 1992-இல் தொடங்கிய அந்தக் குழுவின் மேசைக்கு மாதந்தோறும் அனுப்புங்கள்.